தெர்சாவும் ஆறாவது கல்லும்

ஹேசல்கில் ஊருக்கு மேலே, ஹெதர் புதர் மண்டிய மேட்டுவெளியில் ஒன்பது கற்கள் நிற்கின்றன. இடுப்பளவு உயரம். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும். கோட்டின் ஒரு முனையில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு குழி. பாதிரியார் அதைப் பலிபீடம் என்றார். லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த ஒருவர் நட்சத்திரக் கணக்கு என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் டௌசன், பழைய அரசர்களின் சமாதி என்று அடித்துச் சொன்னார்.

தெர்சா கார்பட்டை யாரும் கேட்கவில்லை. அம்மா இடுப்பு முறிந்து படுத்தபோது பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுப் பால் கறக்கப் போனவள் அவள். இப்போது ஐம்பத்திரண்டு. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கற்கள் எதற்கென்று அவளுக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் மூடுபனியில் ஓர் ஆட்டைத் தேடிப் போய், தன் கையே தனக்குத் தெரியாமல் தடவிக்கொண்டு வந்தபோது, உள்ளங்கை அந்தக் கோட்டில் விழுந்தது. குழி இருந்த பக்கமாக இருபது எட்டு வைத்தாள். அடுத்த கல் வயிற்றில் இடித்தது. அப்படியே சதுப்பைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்து சேர்ந்தாள். எல்லோரும் கண்ணால் பார்த்து யோசித்தார்கள். அது கைக்காக வெட்டியது. கணவன் நார்மனிடம்கூட அவள் சொன்னதில்லை.

அந்த வசந்தத்தில்தான் ஊர்க் கூட்டத்தில் டௌசன், நாலாவது கல்லைப் பெயர்த்து ஊர்மன்றத்தின் முன் பூச்செடி நடுவே வைக்கப் போவதாகச் சொன்னார். கூட்டத்துக்கு எப்போதும் டீ போட்டுக் கொடுக்கும் தெர்சா எழுந்து நின்றாள்.

"அந்தக் கல்லு... அது அங்கயே..."

"என்னம்மா, டீ தீந்துருச்சா?" என்றார் டௌசன். கூட்டம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை டிராக்டரும் சங்கிலியுமாக ஊர் விவசாயி பெர்சி மேலே வந்தான். டௌசனோடு பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தெர்சா ஒரு காலித் தீவனச் சாக்கோடு வந்தாள்.

"ஏ புள்ள, சாக்கு எதுக்கு? கல்லை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகப் போறியா?" என்றான் நார்மன்.

"சும்மா இருய்யா."

முதல் கல்லருகே போய்க் கண் மறையச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். உள்ளே ஓட்ஸ் வாசனை. யாருடைய கண்ணும் இல்லை. குரல் தானாக வந்தது.

"இது சமாதி இல்ல சார். பனியில வழி காட்டுற கல்லு. நாலாவதை எடுத்தீங்கன்னா, மூணுலேருந்து வர்றவன் நேரா சேத்துல போய்த்தான் நிப்பான். பாத்துக்கங்க."

கோட்டைத் தடவினாள், நடந்தாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் தட்டிக்கூடக் காட்டினாள். ஐந்தாவதை அடைந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. ஆறாவதில் கை வைத்து, தயங்காமல் எட்டு வைத்தாள்.

"நில்லு தெர்சா! சதுப்பு!" என்று கத்தினான் நார்மன்.

"கல்லு சொல்ற பக்கந்தான் போறேன்!"

கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. எல்லோருக்கும் சிரிப்பு பீறிட்டது.

"பாத்தீங்களா? உங்க வழிகாட்டி நல்லாத்தான் காட்டுது," என்றார் டௌசன்.

தெர்சா சாக்கைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் அவள் அவர்களைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தாள். மற்றக் கற்களிலெல்லாம் வெள்ளைப் பாசி வடக்குப் பக்கம். இதில் மட்டும் தெற்கே. அடியில் மண் புதுசு.

"இதை யாரு திருப்புனது?"

பெர்சி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான்.

"சார்... போன மாசம் நாமதானே நிமிர்த்தித் திருப்பி வச்சோம்? போட்டோ எடுக்கப் பாதையிலேருந்து குழி எடுப்பாத் தெரியணும்னு நீங்கதான்..."

டௌசன் குனிந்து கல்லின் அடியைப் பார்த்தார்.

"அதைத் திருப்பி வைங்க," என்றாள் தெர்சா. சாக்கு இல்லாமலேயே சொன்னாள். "பாசி வடக்கே வரணும்."

நாலாவது கல்லுக்குக் கொண்டுவந்த சங்கிலியை ஆறாவதுக்குக் கட்டினார்கள். அரைமணி நேர வேலை. முடிந்ததும் அவள் சாக்கை உதறி டௌசனிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க சார்."

"நானா?"

"மாட்டிக்கங்க சார், நாங்க யாரும் சிரிக்க மாட்டோம்," என்றான் பெர்சி, சிரித்துக்கொண்டே.

அவரால் மறுக்க முடியவில்லை. முதல் கல்லிலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றிலும் வெகுநேரம் தடவினார். ஆறாவதில் இரண்டுமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்தார். ஒன்பதாவதைத் தாண்டிச் சாலையோரச் சுவரில் மோதி நின்று, சாக்கைக் கழற்றினார். தாடியெல்லாம் ஓட்ஸ் உமி. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"பெர்சி, டிராக்டரை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ," என்றார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, "டீ ஏதாவது இருக்கா தெர்சா?"

அவள் மேலங்கிப் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள்.

"இருக்கு சார். தீரல."