கறுப்பு சாக்கெட்

என் கணவருக்குக் கண் போனது ஒரு சாக்கெட்டால். இதைச் சொன்னதும் பலர் கரண்ட் அடித்துவிட்டதா என்று கேட்பார்கள். அந்த சாக்கெட் இல்லை. கார் மெக்கானிக்குகள் நட்டுக் கழற்ற வைத்திருப்பார்களே, குட்டி இரும்புக் கிண்ணம் மாதிரி, அது. ஒரு பக்கம் நட்டின் தலைமேல் கவிழும். மறுபக்கம் கைப்பிடி மாட்டிக்கொள்ளும்.

எங்கள் கார் மெக்கானிக் ஷெட் சென்னைக்கு வெளியே சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, மூங்கில் தட்டி, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை. வீடு அதற்குப் பின்னால் உள்ள தெருவில். என் மாமனாரும் மாமியாரும் ஒரு காலத்தில் கூலிக்கு நடவு நட்ட கழனி அங்கேதான் இருந்தது; நான் கல்யாணமாகி வந்தபோது அதில் பாதி மனையாகி கல் நட்டிருந்தார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட்டு செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்தவள். கல்யாணத்தோடு அது நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாமான்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, கோணிப்பை மேல் பரப்பிக் காயவைப்பார். நான் துணியால் துடைத்துக் கொடுப்பேன். அப்படி ஒருநாள் ஒரே அளவில் இரண்டு சாக்கெட் கையில் வந்தது.

"இன்னாய்யா, ரெண்டும் ஒரே சைஸுதான? எதுக்கு ரெண்டு?"

"உள்ளாற பாரும்மே. இது ஆறு பட்டை. அது பன்னெண்டு பட்டை."

பார்த்தேன். ஒன்றின் உட்சுவரில் ஆறு பக்கம். நட்டுக்கு எத்தனை பக்கமோ அத்தனை. இன்னொன்றில் நட்சத்திரம் போலப் பல் பல்லாக இருந்தது.

"பன்னெண்டு பட்டை எப்டி வச்சாலும் மாட்டிக்கும். கை பூராத சந்துல அதான் தோது. ஆனா துரு புடிச்ச நட்டுல போட்டு இஸ்தன்னு வையி, மூலைய மழுக்கி வுட்டுட்டுப் பூடும். ஆறு பட்டை அப்டி இல்ல. ஒரு தபா உக்காந்துச்சுன்னா கெட்டியா புடிச்சிக்கும்" என்றவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன்ன மாரி."

அந்த வருஷங்களில் வண்டியும் இரண்டு ஜாதியாக இருந்தது. அம்பாசிடருக்கு இஞ்ச் கணக்கு. புதிதாக வந்திருந்த சின்ன காருக்கு எம்எம் கணக்கு. அரை இஞ்ச் நட்டின்மேல் பதிமூணு எம்எம் சாக்கெட் உட்கார்ந்துவிடும், ஆனால் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தோடு பலம் கொடுத்தால் நட்டு போச்சு. அவர் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருந்தார். என் கம்பெனியிலும் இஞ்சையும் எம்எம்மையும் கலந்துவிட்டால் திட்டு விழும் என்பதால், எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமழிசையில் ஒரு கம்பெனியை மூடினார்கள். அங்கிருந்து பழைய கம்ப்ரஸர் ஒன்றும், காற்றில் ஓடும் கன் ஒன்றும் வாங்கி வந்தார். வீல் நட்டுக்கு வைத்து அழுத்தினால் கடகடவென்று அடித்து நொடியில் கழற்றிவிடும். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அதற்கென்று தனி சாக்கெட் உண்டு: கறுப்பாக, தடித்த சுவரோடு, பார்வைக்கு அசிங்கமாக இருக்கும். கையால் திருகும் சாக்கெட் பளபளவென்று இருக்கும், ஆனால் அது வேறு இரும்பு. கன் அடிக்கிற அடியைத் தாங்காது, கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். கன்னோடு கறுப்பு சாக்கெட் சிலதும் வந்தன. எல்லா அளவும் வரவில்லை.

"ஞாயித்துக்கெயம புதுப்பேட்ட சாமான் கடைக்குப் போயி பாக்கி சைஸ வாங்கியாரணும்" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு வேன் வந்துவிட்டது. பூந்தமல்லிப் பக்கமிருந்து பூ ஏற்றிக்கொண்டு பாரிமுனைப் பூக்கடைக்குப் போகும் வண்டி, டயர் பஞ்சர். அதன் வீல் நட்டுக்குப் பொருத்தமான கறுப்பு சாக்கெட் இல்லை. தான் அவசரப்படுத்தவில்லை என்றுதான் டிரைவர் பின்னால் சொன்னார், நான் நம்புகிறேன். பூ வாடுமே என்று இவரே அவசரப்பட்டிருக்கிறார். கையால் திருகிப் பார்த்திருக்கிறார், நட்டு அசையவில்லை. ஒரு சக்கரம்தானே என்று பளபள சாக்கெட்டையே கன்னில் மாட்டிவிட்டார்.

நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வேன் டிரைவர் வாசலில் வந்து நின்று, "அக்கா, அண்ணனுக்குக் கண்ணுல அடிபட்டுச்சு" என்றார். ஓடினேன். அவர் வேன் சக்கரத்தில் சாய்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடி உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம் அதிகமாக வரவில்லை, அதனால் சின்னக் காயம் என்று நினைத்தேன். சாக்கெட் பிளந்து தரையில் கிடந்தது. அதில் ஒரு சில்லு காணவில்லை.

நகரத்தில் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில்லை எடுத்தார்கள். பார்வை வரவில்லை. சில நாள் கழித்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது. அதை எடுத்துடறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். அடிபட்ட கண்ணை அப்படியே விட்டா சில பேருக்கு நல்ல கண்ணையும் பாதிக்கும். எல்லாருக்கும் வராது. ஆனா வந்தா நிறுத்தறது கஷ்டம்."

அப்போது நான் மாசமாக இருந்தேன். வராந்தாவுக்கு வந்ததும் அவர், "எல்லார்க்கும் வராதுன்னு அவங்களே சொல்றாங்க இல்ல?" என்றார். "பொறக்கப் போற புள்ள குயி விய்ந்த மூஞ்சியப் பாத்துப் பயந்துக்கும். வாணாம்மே. செத்த கண்ணா இருந்தாலும் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மறுநாள் டாக்டரம்மா மறுபடியும் சொன்னார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. இடது கண் சிவந்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மாம்பழக் காலத்தில் இடது கண் சிவந்தது. அன்றைக்கே போனோம். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் முகம் ஊதிப்போனது, பசி அதிகமானது, பார்வை கொஞ்சம் திரும்பியது. மாத்திரையைக் குறைத்ததும் மறுபடி மங்கியது. மகள் பிறந்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தருகே வைத்துப் பார்த்தால் அவருக்குத் தெரிந்தது. "மூக்கு உன்னுது" என்றார். வெகுநேரம் தராமல் வைத்திருந்தார். அவள் தவழ ஆரம்பித்தபோது அவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது மட்டுமே தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஷெட் பூட்டிக் கிடந்தது. அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்து ரோட்டில் போகிற வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சாப்பிடுவார், கேட்கமாட்டார். நான் அக்கம்பக்கத்தில் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை பூந்தமல்லியில் டாக்சி ஓட்டுகிற பெரியவர் ஒருவர் தன் அம்பாசிடரை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் ஷெட்டின் பழைய கிராக்கி.

"இன்னா தம்பி, கம்முனு குந்திக்கினுகீற? எய்ந்து வா. என் வண்டிய வேற எடத்துல வுட்டேன். சைலன்சர் நட்ட மய்க்கி வச்சிட்டானுங்க."

"எனுக்குத்தான் கண்ணு இல்லையே அண்ணாத்தே."

"கை கீதில்ல?"

இவர் என் பக்கம் கையை நீட்டினார். பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து நட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அரை இஞ்ச்சு நட்டு. பதிமூணு எம்எம்மு போட்டுத் திருகிக்கீறானுங்க. அதுவும் பன்னெண்டு பட்டையில." அவர் குரலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களாக அந்தக் குரலில் எதுவுமே இருந்ததில்லை. "எம்எம் பொட்டியில பன்னெண்டு எம்எம்மு ஆறு பட்டை இக்கும். எட்தா."

எடுத்துக் கொடுத்தேன். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பட்டையைச் சரிபார்த்தார். நட்டின்மேல் வைத்துக்கொண்டு, "சுத்தியால தட்டி ஏத்து. என் கைய பாக்காத, சாக்கெட்ட பாரு" என்றார். தட்டினேன். அளவு சின்னதானதால் அது மழுங்கிய நட்டில் இறுக்கமாக ஏறி உட்கார்ந்தது. கைப்பிடியை மாட்டி மெதுவாக இழுத்தார். கிறீச்சென்று சத்தம் வந்து நட்டு சுற்றியது. டாக்சிக்காரர் கைதட்டினார். அன்றைக்கு இவர் இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டார்.

ஷெட்டைத் திறந்தோம். மகளை ஒரு தூளியில் போட்டுவிட்டு நான் கூட நிற்பேன். அவர் தொட்டுப் பார்த்துச் சொல்வார், நான் எடுத்துக் கொடுப்பேன். நீண்ட போல்ட் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உயரமான சாக்கெட். பக்கவாட்டில் இடமில்லை என்றால் பன்னெண்டு பட்டை. துரு என்றால் ஆறு பட்டை, வேறு பேச்சே இல்லை. கன்னை நாங்கள் தொடவில்லை. அதை யாரோ விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எண்ணெய்க் கையோடு கல்லில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்த அந்தக் காலம்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் எல்லாரும் டாக்சிக்காரர் போல இல்லை. சிலர் இவர் கம்பு ஊன்றி நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். ஆவடியிலிருந்து புதுக் காரோடு வந்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களே பண்ணிக் குடுங்கம்மா. அவரைத் தொட வேணாம்னு சொல்லுங்க. தப்பா நினைக்காதீங்க" என்றார். தணிந்த குரலில்தான் சொன்னார். என் கணவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் ஸ்டூலைத் தடவி இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தக் கார் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்படியே வழக்கமாயிற்று. புது ஆள் வந்தால் நான் வேலை செய்வேன், அவர் ஸ்டூலில் இருப்பார். தெரிந்தவர்கள் வண்டி வந்தால் இருவரும் செய்வோம். செய்யச் செய்ய என் கை ஓடியது. பானெட்டைத் தூக்கியதுமே எதற்கு எது என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் டாக்சிக்காரர் வண்டியிலேயே எஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தோம். இவர் பெட்டியைத் துழாவி, விரலை விட்டுப் பார்த்து, ஒரு சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் குனிந்தார். போல்ட்டைத் தேடிய அவர் கை, அதன்மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த சாக்கெட்டில் பட்டது. நான் மாட்டி வைத்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். சரியான அளவு, சரியான பட்டை. தன் கையிலிருந்ததை வேட்டியில் துடைத்தார், பெட்டிக்குள் அதனதன் இடத்தில் வைத்தார்.

"கத்துக்கினியே" என்றார்.

குரலில் வருத்தம் இல்லாத மாதிரிதான் சொன்னார். நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது, "நீ போம்மே. நான் ஊட்டாண்ட கொயந்தய பாத்துக்கினுகீறேன்" என்றார்.

"தனியா எப்டிய்யா செய்வேன்?"

"செய்வ."

அதற்குப் பிறகு அவர் ஷெட்டுக்கு வரவேயில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். டாக்சிக்காரர் வந்து திட்டியும் பார்த்தார். குழந்தை அழும், சோறு குழைந்துவிடும் என்று ஏதாவது காரணம் சொல்வார். நான் தனியாக அந்த ஷெட்டில் கொஞ்ச காலம் ஓட்டினேன். ஒரு பொம்பிளை தனியாக நடத்தும் ஷெட்டுக்கு எத்தனை வண்டி வரும்? கடைசியில் இடத்துக்காரர் காம்ப்ளெக்ஸ் கட்டப்போவதாகச் சொன்னதும் காலி செய்துவிட்டு, திருமழிசையில் பம்பு பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

வீட்டை அவர் பார்த்துக்கொண்டார். சோறு வடிப்பார், தண்ணீர் பிடிப்பார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேர். அவள்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போவாள். "ரோட்டுப் பக்கம் நானு, உள்பக்கம் அப்பா" என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள். லாரி வந்தால் அந்த வயதிலேயே அவரை இழுத்து ஓரம் கட்டுவாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், அடைமழையில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூலிகை கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு நாள் பேச்சு குழறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தார். எதையோ தேடுவது போலிருந்தது. அப்படியே போய்விட்டார்.

காரியம் முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பினேன். ஹைவே ஓரத்துக்கு வந்ததும் அவள் என்னை உள்பக்கம் தள்ளிவிட்டு ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் அவளை இந்தப் பக்கம் இழுத்தேன். அவள் மறுபடி அந்தப் பக்கம் போனாள்.

"எனுக்குக் கண்ணு தெரியும்டி. நீ உள்ள வா" என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.