ஜுமைலா வீட்டு வாசல் நாற்காலி

ஜுமைலாவின் கணவரை அடக்கத்துக்கு எடுத்த அன்று மட்டாஞ்சேரியில் விடாத மழை. வாசலில் முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர். இதில் சந்தூக்குப் பெட்டியை எப்படித் தூக்கிப் போவது என்று ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் தானாக வடிந்தது. தானாக எங்கே வடியும்? ஜுமைலா ஜன்னல் வழியே பார்த்தாள். பின்சந்து இசக்கிமுத்து மார்பளவு ஓடைக்குள் இறங்கி அடைப்பை வாரிக்கொண்டிருந்தார். நகரசபை வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியிருந்தன. சந்தூக்கு தெருமுனை தாண்டியதும் அவரும் போய்விட்டார். அவருக்காக அவள் தொழுகைதோறும் துஆ கேட்டாள். அவரிடம் மட்டும் சொன்னதில்லை.

பின்சந்தில் இருப்பதெல்லாம் நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் ஓட்டு யாருக்கு என்பது அவர்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது இரண்டாம் கட்சி ஓட்டு என்றது முதல் கட்சி. மூன்றாம் கட்சிக்குத்தான் என்றது இரண்டாம் கட்சி. சந்து முழுக்க முதல் கட்சி என்பதில் மூன்றாம் கட்சிக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே ஓட்டு நாளில் நடக்க முடியாதவர்களை ஏற்றிப் போகும் ஆட்டோ எதுவும் அந்தச் சந்துப் பக்கம் திரும்பாது.

இசக்கிமுத்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இந்த முறை முட்டி போய்விட்டது. சலவைச் சட்டை போட்டு, கம்பை ஊன்றி, சந்து முனையில் நின்று கை காட்டினார். முதல் கட்சி ஆட்டோவிலிருந்து ஷிபு தலையை நீட்டினான்.

"அண்ணாச்சி, உங்க ஆளுங்க வண்டி பின்னால வருது!"

பின்னால் வந்த வண்டியும் அதையே சொன்னது. அதற்கும் பின்னால் வந்ததும் அதையே சொன்னது. காசு கொடுத்துப் போகலாமென்றால் அன்றைக்கு ஊரிலுள்ள ஆட்டோ எல்லாம் கட்சி வண்டி. வெயில் சாய்ந்துவிட்டது.

ஜுமைலா கதவைத் திறந்தாள். "அண்ணே, அங்க நின்னா அடுத்த எலக்ஷனே வந்துரும். இங்க வந்து உக்காருங்க."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். சந்து முனைக்கும் அதற்கும் நாலு எட்டுதான். ஆனால் இது முன்தெரு. இங்கே எந்த வீடு எந்தப் பக்கம் சாயும் என்று மூன்று கட்சிக்கும் தெரியாது.

அவர் சாயாவை வாயில் வைக்குமுன் ஷிபுவின் வண்டி கிறீச்சிட்டு நின்றது. சந்து முனையில் அண்ணாச்சி என்றவன், ஆளைப் பார்க்காமல் வாசலை மட்டும் பார்த்து மரியாதையை மலையாளத்துக்கு மாற்றினான்.

"சேட்டா, ஓட்டுக்குத்தானே? கேறு, கேறு!"

"எங்க ஆளுங்க வண்டி பின்னால வருதுல்லா?" என்றார் இசக்கிமுத்து அப்பாவியாக.

"ஐயோ, அதில கேற வேண்டா! எல்லாம் கள்ளனுங்க!"

பின்னால் வந்த இரண்டாம் கட்சி அஜீஷ் அவர் கம்பைப் பிடுங்கித் தன் வண்டியில் வைத்தான். மூன்றாவது வண்டிக்காரன் குனிந்து அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டான். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. ஜுமைலாதான் தீர்த்துவைத்தாள்.

"மூணு பேரும் போங்கடா. அங்க போனதும் மனுஷன ஒண்ணாச் சேத்து எறக்குங்க!"

ஆள் ஒரு வண்டியில், கம்பு ஒரு வண்டியில், செருப்பு ஒரு வண்டியில். ஊர்வலம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. இசக்கிமுத்து ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று ஜுமைலா கேட்கவில்லை. முன்தெருவில் ஒரு ஓட்டுக் கூடியதாக மூன்று கட்சிகளும் சந்தோஷப்பட்டன.

திரும்பும்போது ஷிபு கேட்டான், "வீட்டுக்குள்ளயே கொண்டு விடட்டா சேட்டா?"

"விடு தம்பி. பின்சந்து."

"அண்ணாச்சியா!" என்றவன் சந்து முனையிலேயே இறக்கிவிட்டான்.

மழைக்காலம் வருமுன் இசக்கிமுத்து மகள் பேச்சியோடு இருக்க இடக்கொச்சிக்குக் கிளம்பினார். விடைபெற வந்தவரிடம் ஜுமைலா அன்றைக்காவது சொல்லிவிட நினைத்தாள். "அண்ணே, அவரை எடுத்த அன்னிக்கு, அந்த மழையில..."

"அது கெடக்கட்டும் தங்கச்சி," என்றார் இசக்கிமுத்து. "வாசல் நாற்காலிய உள்ள எடுத்துராத. எங்க சந்துல சந்தனமாரிக்கும் முட்டி போச்சு."