மூடிபோட்ட வாளி

பண்ணையில் எல்லோருக்கும் அவள் முயலக்கா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பமாட்டாள். கூண்டுகளுக்கு அடியில் இருக்கும் மூத்திரத் தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அலுப்பு மட்டும் எந்தத் தண்ணீருக்கும் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் முயல்களுக்குக் கழுத்து ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. சில நின்ற இடத்திலேயே உருண்டன. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். மூளையிலும் சிறுநீரகத்திலும் குடியேறும் ஒட்டுண்ணியாம், மூத்திரத்தோடு வெளியே வருமாம்.

"மனுசங்களுக்கும் தொத்தும்மா. உங்கள மாதிரி தெம்பானவங்கள பெருசா ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க யாராவது வீட்ல இருக்காங்களா?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"இல்லைங்க" என்றாள்.

இருந்தார். கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம். அது நிலைக்கவேண்டும் என்று எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டே அடக்கி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் மாத்திரை நிற்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வீட்டிலும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அவளை வேலைக்கு விடாமல் வாசலில் குறுக்கே படுத்துவிடுகிற மனிதர் அவர். தினமும் குளித்துவிட்டுத்தான் அவர் பக்கம் போனாள். பண்ணை மேலங்கிகளைப் பின்கட்டில் மூடிபோட்ட வாளியில் சேர்த்துவைத்து, விடுமுறையன்று கொதிக்கவைத்து அலசினாள். "அதைத் தொடாதீங்க, நாத்தம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து கால்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொடியில் மேலங்கிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வாளி காலி. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் சட்டையெல்லாம் நனைந்து, பரீட்சையில் தேறிய பையன்போல அவர் நின்றார்.

"நீயே எத்தனைதான் பாப்ப? கையாலயே துவைச்சுட்டேன். அப்பா, என்னா நாத்தம்! கண்ணெல்லாம் எரியுது" என்று புறங்கையால் கண்ணைத் தேய்த்தார்.

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. இத்தனை நாள் அவரிடமிருந்து மறைத்ததுதான் அவரை அந்த வாளியிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

"சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க. கண்ணையும் நல்லா கழுவுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆஸ்பத்திரிக்கா? ஏன், உனக்கு என்ன பண்ணுது?" என்று பதறியவர், அந்த ஈரக்கையாலேயே அவள் நெற்றியைத் தொட்டுப்பார்த்தார்.