படித்துக் காட்டாத காகிதம்

மூளை செய்ய வேண்டிய வேலையை எனக்குக் கட்டைவிரல்தான் செய்து வந்தது. ரங்கூனில் டாக்சி ஓட்டிய காலத்தில் போலீஸ் நிறுத்தினால் லைசென்சை நீட்டுவேன், ஒரு சலாம் போடுவேன், சார்ஜண்டு எழுதிய காகிதத்தில் ரேகை வைப்பேன், மையைத் தலையில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவேன். தலைக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம். காகிதத்தில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படித்தான். (இதை நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை.)

என் தங்கை புருஷனும் டாக்சிதான்; மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். என்னைப்போல் வாயாடி இல்லை. ஆறு மாதம் வண்டி கழுவி, ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கிய அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துத் தைத்துவிடலாமா என்று என் தங்கையைக் கேட்டவன்.

நாங்கள் சாப்பிடும் கடைக்குப் போலீஸ் கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர் வருவார். ஒருநாள் அவராகவே சொன்னார்.

"போலீஸ் கை காட்டுனா நிக்கணும். லைசன் கேட்டா காட்டணும், பேரு விலாசம் சொல்லணும். அதோட சரி. எழுதுன காயிதத்துல ரேகை வைக்கச் சொன்னா, என் பாஷையில படிச்சுக் காட்டுங்கய்யான்னு கேக்கலாம். சரியில்லன்னா வைக்க வேணாம்."

"நாம சொல்றத பொண்டாட்டியே கேக்கறதில்ல. சார்ஜண்டு கேப்பாரா?" என்றேன். கடையே சிரித்தது. என் மாப்பிள்ளை மட்டும், "இன்னொரு தரம் சொல்லுங்கய்யா" என்று அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

அந்த மழைக்காலத்தில் என் வண்டி பட்டறையில் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் மாப்பிள்ளை வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் ஒரு பர்மாக்கார அம்மா, மடியில் கூடையோடு, மாந்தலே ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று "ம்யான் ம்யான்" என அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள். பசுந்தவுங் பக்கம், எதிரே வந்த டிராமுக்கு ஒதுங்கிய ரிக்‌ஷாக்காரன் எங்கள் மேலேயே திரும்பிவிட்டான். மாப்பிள்ளை இரண்டு தரம் ஹாரனை அமுக்கினான், பிரேக்கை மிதித்தான். அப்படியும் சக்கரம் உரசி ஆள் விழுந்தான். முழங்கைத் தோல் போயிற்று. மாப்பிள்ளைதான் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தான்.

சார்ஜண்டு வந்தார். லைசென்சை வாங்கினார், மழைக்கு வண்டியோரம் ஒதுங்கி நின்று மளமளவென்று இங்கிலீஷில் எழுதினார், மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். என்னிடம் மெதுவாக, "மச்சான், படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கட்டுமா?" என்றான்.

"ஆமா, ஒனக்கு ராமாயணம் படிப்பாரு. வெரல வச்சுட்டு வா மாப்ள, அந்தம்மாவுக்கு ரயிலு போயிரும்."

"இல்ல மச்சான், அந்தக் குமாஸ்தா..."

"குமாஸ்தாவா வண்டி ஓட்டுறாரு? வையிடா!"

வைத்தான். அந்த அம்மாவுக்கு ரயில் கிடைத்தது.

கோர்ட்டில் துபாஷி படித்துச் சொன்னபோதுதான் அந்தக் காகிதத்தில் இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. வேகமாக வந்தேன், ஹாரன் அடிக்கவில்லை, நானே போய் இடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். கீழே அவன் ரேகை.

"இது ஒன் வெரல்தானா?" என்று துரை இங்கிலீஷில் கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார்.

"ஆமாங்க. ஆனா ஹாரன் ரெண்டு தரம் அடிச்சேங்க. அவருதான் டிராமுக்கு ஒதுங்கி..."

"அப்ப ஏன் ரேகை வச்சே? தொரை கேக்கறாரு."

"படிக்கத் தெரியாதுங்க."

"படிச்சுக் காட்டச் சொல்லலாம்னு தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

மாப்பிள்ளை ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். நான்தான் வைக்கச் சொன்னேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம். டிராம் மணியையே அமுக்கிவிடும் தொண்டை என்னுடையது. அன்று ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டேன். துபாஷி இன்னொரு தரம் கேட்டார். அவன் குனிந்துகொண்டான். லைசென்சை ரத்து செய்தார்கள்.

வெளியே வந்ததும், "போவட்டும் மச்சான், அழுவாதீங்க" என்றான். நான் அழுதது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனான். என் தங்கை எனக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை. பேசுவதைத்தான் நிறுத்தினாள்.

குமாஸ்தா சொன்னபடி நான் கேட்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஒரு சார்ஜண்டு முறைத்தார், இன்னொருவர் ஆள் கூப்பிட்டுத் தமிழில் படிக்க வைத்தார். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மில் விடும் நேரத்தில் அந்தப் பக்கம் சவாரி கிடைத்தால் காத்திருப்பேன். தலையெல்லாம் தவிடாக வருவான். முன்கதவைத் திறந்து பிடிப்பேன்.

"ஏறு மாப்ள."

அவன் பின்கதவைத் திறந்து, சவாரிக்காரனைப்போல் ஓரமாக உட்காருவான்.

"முன்னால வாயேன்டா."

"வேணாம் மச்சான். ஸ்டீரிங் பக்கத்துல ஒக்காந்தா கை சும்மா இருக்காது."