வெள்ளம் போச்சு

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பேர். மலையாளம் கலந்த பேச்சு. அதனால் எங்களுக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை, மதுரைப் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பற்றி ஆராய ஒரு பெண் வரும்வரை.

தொண்ணூறுகளில் ஒரு வேனல். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கவலைப்படுவதை மட்டும் விடவில்லை. அந்த வருஷக் கவலை கிணறு. மாசி பிறக்குமுன்பே வாளி தரை தட்டியது. இன்னும் ஆழமாகத் தோண்ட என் வீட்டுக்காரர் ஆள் சொல்லியிருந்தார். எனக்கு அதிலும் பயம். முந்தின வருஷம் கீழ்வீட்டில் தோண்டினார்கள், எங்கள் ஊற்று இளைத்தது. இனி நாங்கள் தோண்டினால் அவர்களுடையது இளைக்கும். கீழ்வீடு வேறு யாருமில்லை, அவருடைய அண்ணன் வீடுதான். அண்ணன் மனைவியை நான் அக்கா என்பேன், அவர் மைனி என்பார்.

சர்ச் ஹாலில் கூட்டம் வைத்தார்கள். அந்தப் பெண் பெரிய தாளைத் தரையில் விரித்து, எதனால் எது வருகிறது என்று அம்பு போடச் சொன்னாள். “எதையும் தனியாப் பார்க்காதீங்க. அது எதை இழுக்குது, அதை எது இழுக்குதுன்னு பாருங்க.” என் மனசு நாள் முழுக்கச் செய்கிற வேலைதான். இதற்குப் படிப்பெல்லாம் உண்டா என்று ஆச்சரியமாக இருந்தது.

“வெள்ளம் போச்சு. அதாக்கும் சங்கடம்” என்றாள் அக்கா.

“வெள்ளம் போனா நல்லதுதானே?” என்று அந்தப் பெண் சந்தோஷமாக எழுதினாள்.

“நல்லதா? எம்மக்கா, குடிக்க ஒண்ணும் இல்ல!”

“வெள்ளத்தையா குடிப்பீங்க?”

“பின்ன, சாராயத்தையா?”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. வயலில் தேங்கி நிற்கிற தண்ணீர் என்று அவள் நினைத்திருக்கிறாள். “அப்போ அந்தத் தண்ணி எங்கே?” என்றாள்.

“அத நாங்களாக்கும் போக்கினோம். வாழைக்கு ஆகாதுல்லா” என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலா என்று நாங்கள் சொல்கிற நெல்வயலில், நெல் கட்டுப்படியாகாமல் எல்லாரும் வாழை வைத்திருந்தோம். வேர் அழுகாமலிருக்க வடிகாலாக ஆழமாகச் சால் வெட்டி, நின்ற தண்ணீரைத் தோடு என்கிற ஓடைக்கு விட்டோம். ஏலாவின் கரையில்தான் எங்கள் கிணறுகள்; அங்கே நிற்கிற தண்ணீர்தான் அவற்றுக்கு ஊறும். போக்கின வெள்ளமும் போன வெள்ளமும் ஒன்றுதான். அம்பு போட வேறு இடமிருக்கவில்லை.

தோண்ட வேண்டாம் என்று ஆளுக்குச் சொல்லியனுப்பினோம். வெட்டின சால்களை அடைக்க வேண்டும். ஆனால் எங்களுடையதை மட்டும் அடைத்தால் கீழே அக்காவின் சால் வழியாக ஊறிப் போய்விடும்.

“நீங்களும் அடைக்கணும் மைனி.”

“என் வாழ அழுகினா ஓணத்துக்கு நீயா குலை தள்ளுவே?”

வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை பிடித்ததும் அவர் எங்கள் சால்களின் வாயை மண் வெட்டிப் போட்டு அடைத்தார். அக்கா குடையோடு வரப்பில் நின்று பார்த்தாள். மறுநாளும் வந்து நின்றாள். கடைசியில், “என் வாயையும் அடைச்சிரு” என்றாள்.

“எந்த வாய மைனி?”

ஒரு மண்கட்டி பறந்தது.

தாழ்ந்த வரிசை வாழை அழுகத்தான் செய்தது; அங்கே சேம்பு வைத்தோம். மற்றவர்கள் சால் திறந்தபடியே கிடந்தது. அடுத்த வேனலிலும் இரண்டு கிணறும் வற்றின, ஆனால் இரண்டு மாதம் தள்ளி, பங்குனி கழிந்துதான். யாரும் தோண்ட ஆள் தேடவில்லை.