கதவளவு கல்லும் கால் கடுத்த நானும்

மியூசியத்தில் காவலுக்கு நிற்பவனுடைய தொழில், மற்றவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது. தொடாதீர்கள் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். ஆனால் சுவிஸில் யாரும் எதையும் தொடுவதில்லை, ஆகவே மிஞ்சுவது நிற்பது மட்டும். கடையிலும் கிச்சினிலும் ஃபேக்டரியிலும் நாள் முழுக்க நின்று பிழைக்கிற என் இனத்தவர்களே, நான் சொல்லப்போவது உங்கள் குதிக்காலுக்கு விளங்கும்.

பெயர் போய்ப் பதவி நின்றது

திரிம்பாக்கில் எங்கள் வீடு. அங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சின்ன மியூசியம். அதன் ரோமர் அறை என் பொறுப்பு. எனக்கு வேலை பழக்கிய ரோல்ஃப், எங்கள் ஷெஃப் (இங்கே மேலாளரை அப்படித்தான் சொல்வார்கள்), முதல் நாள் முழுக்க நின்றபடியே பழக்கினார். ஆகவே நானும் நின்றேன். இங்கே உட்கார்ந்து இருக்கக் கூடாது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறையின் நடுவில் கதவளவு உயரத்தில் ஒரு கல். ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஒரு பெரிய உத்தியோகத்தரின் கல்லறைக் கல். பிற்காலத்தில் யாரோ அதைக் கொண்டுபோய் ஒரு தேவாலயத்துக்குப் படியாகப் போட்டுவிட்டார்களாம். மேல்பக்கம் உடைந்து அவருடைய பெயர் போய்விட்டது, பதவிகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. வழிகாட்டியான திருமதி கெல்லர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதை வாசித்துக் காட்டுவார். அந்த மனிதர் வக்கீலாகத் தொடங்கினார். அரசனுடைய கடிதங்களைக் கவனிக்கிற கந்தோருக்குத் தலைவரானார். பிறகு ஒரு மாகாணத்துக்கு ஆளுநர். பிறகு பல மாகாணங்களுக்கு மேலதிகாரி. கடைசியில் அரசனுக்கு அடுத்த ஆள். திருமதி கெல்லரின் விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்க, மனிதர் மேலே மேலே ஏறுவார். நான் அதே மூலையில் நிற்பேன்.

நான் இந்த அறைக்கு வந்தபோது என் மகள் கிண்டர்கார்டனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கார் ஓட்டுகிறாள். கல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஒருநாள் ஷ்லீரனில் இருந்து வந்த ஒரு முதியவர், தொடக்கத்தில் இருந்தே இந்த அறையில்தானா என்று என்னிடம் கேட்டார். ஆம் என்றேன். கல்லை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், தோளில் தட்டினார்.

“பரவாயில்லை, அவர் செத்துவிட்டார், நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள்.”

டிக்கெட் எடுத்து வந்த வசந்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வசந்தி மியூசியம் பார்க்க வந்தார். டிக்கெட் எடுத்து வந்தபடியால் அவரும் வாடிக்கையாளர்தான். திருமதி கெல்லர் பதவிகளைச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இத்தனையும் எப்படிக் கிடைத்தது என்று கேட்கச் சொன்னார் வசந்தி. அந்தக் காலத்தில் பதவி தானாக வராது, பெரிய இடங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், இவர் நன்றாகக் கேட்டிருப்பார் என்றார் திருமதி கெல்லர்.

வசந்தி கல்லைச் சுற்றிவந்து பின்பக்கமும் பார்த்தார். வீட்டுக்குப் புது சோஃபா வாங்கப் போனபோதும் இப்படித்தான் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்க என்னிடம் சொன்னார்.

“இஞ்சருங்கோ, இந்த மனுசன் ஒரே அறையுக்க இவ்வளவு காலம் நிண்டதெண்டு எங்கையும் எழுதியில்லையே!”

அன்பர்

பேரரசு தேயத் தேயப் பட்டங்கள் நீண்டுகொண்டே போயினவாம். முதலில் மாண்புமிக்கவர், அது எல்லாருக்கும் கிடைத்ததும் மதிப்பார்ந்தவர், அதுவும் மலிந்ததும் பேரொளி மிக்கவர். திருமதி கெல்லர் இதைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் கோயில் திருவிழா முடிந்திருந்தது.

ஓஸ்டர்முண்டிகன் ஊரில் இருக்கிற சிவராசா என்னோடு அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தவர். ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அங்கே ஒரு பகுதிக்குப் பொறுப்பாளராகிவிட்டார். நல்ல மனிதர், உழைத்து வந்த பதவிதான். ஆனால் அன்னதானத்துக்கு உதவியவர்களை மைக்கில் வாசித்தபோது, அவர் “மருத்துவத்துறை முகாமையாளர், சமூகச் செம்மல் திரு. சிவராசா” ஆகிவிட்டார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்ததாக என் பெயர், “அன்பர் பத்மநாதன்.” வாயில் இருந்த சர்க்கரைப் பொங்கல் எனக்குக் கசந்தது. மைக் பிடித்த தம்பியைத் தனியே கூப்பிட்டு, அதென்ன எனக்கு மட்டும் அன்பர் என்று கேட்டேன்.

“குறை நினையாதேங்கோ அண்ணை, பதவி இல்லாத ஆக்கள் எல்லாருக்கும் அன்பர் எண்டுதான் போடுறது.”

நேர்முகம்

அடுத்த வசந்தத்தில் ரோல்ஃப் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஷெஃப் பதவி காலி. எனக்குப் பிறகு வந்த இளைஞன் பேயாட் விண்ணப்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. “நீங்கள் கேட்காட்டி ஆர் தாறது?” என்று வசந்தி பக்கத்தில் இருந்து விண்ணப்பத்தை எழுத வைத்தார். இதுவும் போனால் நான் சாகும்வரை அன்பர்தான். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

இந்தப் பதவியை ஏன் விரும்புகிறீர்கள் என்று மியூசியத்தின் இயக்குநர் அம்மா கேட்டார். பாதுகாப்பு, பொறுப்பு, குழு மனப்பான்மை என்று மகள் ஜெர்மனில் பாடமாக்கித் தந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. “ரோமர் அறையில் இருக்கிற அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமை” என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“சக ஊழியரைப் பார்த்துப் பொறாமைப்பட்டு விண்ணப்பிப்பார்கள், அது எனக்குப் பழக்கம். பேரரசோடு சேர்ந்து செத்துப்போனவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் நீங்கள்தான்.”

ஷெஃபின் முதல் கையெழுத்து

பதவி எனக்குத்தான் கிடைத்தது. சிவராசாவுக்கு நானே ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவருடைய மனைவிக்கும் மறக்காமல் சொல்லச் சொன்னேன், அது தேனாக இனித்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பிறகுதான் ஷெஃபின் அறை கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாமல், வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டது. ரோமர் அறைக்கு எரித்திரியாவில் இருந்து வந்த மிரியம் என்ற பெண்ணைப் போட்டார்கள்.

மிரியம் வேலைக்கு வந்த முதல் நாளே கீழே இறங்கி வந்து, தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றார். நான் திகைத்துப்போனேன். இங்கே யாரும் உட்கார்ந்து இருப்பதில்லை, ரோல்ஃப்கூட நின்றவர் என்றேன். மேலிடத்தில் கேட்டுப் பார்த்தேன். நாற்காலி எப்போதும் உண்டாம், கேட்டால் தருவார்களாம். ரோல்ஃபுக்கு முதுகு வலி, உட்கார்ந்தால் எழும்ப முடியாது, அதனால் நின்றவராம். ஷெஃபாக நான் வைத்த முதல் கையெழுத்து அந்த நாற்காலிக்குத்தான்.

மத்தியானம் மேலே போய் எட்டிப் பார்த்தேன். என் மூலையில், சன்னல் வெளிச்சத்தில், மெத்தை வைத்த நாற்காலியில் மிரியம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, திருமதி கெல்லர் சொல்லும் கல்லின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசனுக்கு அடுத்த ஆளைப் பார்த்தும், சமூகச் செம்மலைப் பார்த்தும் எரியாத அளவுக்கு அன்று என் வயிறு எரிந்தது. இந்த நாட்டில் நான் தஞ்சம் கேட்டேன், விசா கேட்டேன், வேலை கேட்டேன், வீடு கேட்டேன். கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டு, இனி யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று வாயை மூடிக்கொண்டவன் நான். மிரியமும் அதே வாசலால் வந்தவர்தான். இவ்வளவு காலமும் நான் நின்றேதான் வேலை பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

“திரு. பத்மநாதன், நீங்கள் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?”

பெயர் இல்லாத அந்தப் பெரிய மனிதருக்கு அவர் ஏறிய அத்தனை பதவிகளையும் நான் மன்னித்துவிட்டேன், மிரியத்தின் நாற்காலியைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.