வாராவாரம் கடல்தண்ணீர்

கலர் மீன் கடைக்காரர் எனக்கு மீன் விற்க மாட்டேன் என்று சொன்ன நிமிடமே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. விற்பதற்குத்தானே கடை போட்டிருக்கிறார்?

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் தரம் பார்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க நூலை இழுத்து எங்கே அறுகிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். அந்த வேலை எனக்கு வாய்த்ததா, அந்த வேலைக்கு நான் வாய்த்தேனா தெரியாது. யார் என்ன சொன்னாலும் எங்கே அறும் என்றுதான் மனசு பார்க்கும்.

கடைக்காரரை ஊரே பாய் என்று கூப்பிடும். முன்பு மெட்ராஸில் ஒரு மீன் கடையில் இருந்தவர். "தொட்டி வாங்குங்க, சிப்பி மணல் வாங்குங்க, காத்து மோட்டார் வாங்குங்க. கடல் தண்ணிய ஊத்தி ஒரு மாசம் சும்மா ஓட விடுங்க. பொறவு வாங்க, மண்டபம் கடக்கரைல இருந்து மீன் வரும், தாரேன்" என்றார்.

"மீனே இல்லாம எதுக்கு ஓடணும்?"

"தண்ணி பழகணும் சார்."

தண்ணீர் பழகுமாம். நல்லா காதுல பூச்சுத்துறான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடல் மீன் வளர்க்க வேண்டும் என்று எனக்கொன்றும் வேண்டுதல் இல்லை. என் மனைவி தூத்துக்குடிக்காரி. கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் அவள் வீடு. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், "உங்க ஊர்ல எல்லாம் இருக்கு, ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைச்சாப்ல இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள், பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவது எங்கள் வழக்கம். ஐந்தாம் மாதம் போனது, ஆறும் போனது. அழைத்துப் போங்கள் என்று அங்கிருந்து ஒரு சொல் வரவில்லை.

"அவிய மொதல்ல சொல்லட்டும். நாம போய் வாசல்ல நிக்கணுமாக்கும்?" என்றாள் என் அம்மா.

அம்மாவுக்கு அது முறைப் பிரச்சினை. எனக்கு அப்படியில்லை. அவளுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, அவள் வரப்போவதில்லை என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது. வீட்டு முன்னறையில் ஒரு கடலை வைத்துவிட்டால் அவள் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்குச் சொல்லும்போது கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது.

பாயை நம்பாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இன்னொரு கடையில் விசாரித்தேன். அங்கே எல்லாம் சுலபம். "கடலுக்கு எதுக்குப் போறிய? பலசரக்குக் கடைல கல் உப்பு வாங்கிக் குழாத்தண்ணில கரைச்சு ஊத்துங்க. ரெண்டடித் தொட்டி போதும். மீன இப்பமே கொண்டு போங்க" என்றார் அந்த மனுஷர். அவர் கடைத் தொட்டியில் ஒரு மீன் ஒருக்களித்துப் படுத்திருந்தது. தூங்குது என்றார்.

எல்லாவற்றையும் விற்கிறவரை நம்புவதா, விற்க மறுக்கிறவரை நம்புவதா? ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. கடைசியில் பாயிடமே போனேன். நம்பிப் போகவில்லை. இரண்டு பேரில் இவரைத் திட்டுவது சுலபம் என்று பட்டது, தினமும் மில்லுக்குப் போகிற வழியில்தானே கடை. பாய் மூன்றடித் தொட்டிதான் வேண்டும் என்றார். "சின்னத் தொட்டில தண்ணி சீக்கிரம் கெட்டுரும். புதுசா வளக்கிறவங்களுக்குப் பெருசுதான் லேசு." பெரிதாகத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தெரிந்தே வாங்கினேன். மோட்டாரைப் புதுசு என்று கொடுத்தார். வீட்டில் வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் வேறு யாரோ ஒட்டிய பிளாஸ்திரி. என் சந்தேகம் முழுக்க வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றடித் தொட்டிக்குத் தண்ணீர் என்பது சின்ன விஷயமில்லை. பஸ்ஸில் ஒரு தடவைக்கு ஒரு இருபது லிட்டர் கேன்தான் கொண்டுவர முடியும். ஆகவே சனி ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறுதோறும் தூத்துக்குடி. மனைவி பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். தொட்டி விஷயத்தை அவளிடம் மூச்சுவிடவில்லை. திடீரென்று காட்ட வேண்டும் என்று ஆசை. இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன்: அவள் முகத்தில் வருகிற உத்தேசம் தெரிகிறதா என்று ஒவ்வொரு வாரமும் பார்த்துவிட்டு வருவேன்.

பாய் சொன்னபடி எல்லாம் செய்தேன். வெயில் ஏறுமுன் துறைமுகத்தை விட்டுத் தள்ளிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று மொள்ள வேண்டும். கேன் வாயில் வெள்ளை வேட்டித் துணி கட்டி வடிகட்ட வேண்டும். சோப்புக் கையோ எண்ணெய்க் கையோ படக்கூடாது. ஒருநாள் மாமியார் கேனை நகர்த்தி வைக்கப் போனார்கள். "அத்தை, தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர்கள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். மனைவி அடுப்படி வாசலில் நின்று கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் இன்னொரு கூத்து. கோவில்பட்டியில் மாறி ஏறினால் கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார். "என்னது, சரக்கா?" கடல் தண்ணீர் என்றேன். மூடியைத் திறந்து மோந்தார், விரலை விட்டு நக்கிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். அப்புறமும் நம்பினாரா தெரியாது. கேனைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் பஸ்ஸை நிறுத்தியிருப்பேன்.

வாரம் போகப் போக மாமனார் வீட்டில் பேச்சு குறைந்தது. காப்பி வந்தது, கூட உட்கார்ந்து பேச ஆள் வரவில்லை. குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு யாராவது ஒருவர் கதவோரம் நிற்பார்கள். கடலில் இருந்து கேனோடு திரும்பினால் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சரி, முடிவு எடுத்துவிட்டார்கள், வாயால் சொல்லத்தான் யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தொட்டி நிறைந்தது. மோட்டாரைப் போட்டேன். மணலும் தண்ணீரும் குமிழியுமாக அது பாட்டுக்கு ஓடியது. மீன் விட இன்னும் நாள் இருந்தது.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை மத்தியானம் மாமனார் வந்து நின்றார். சொல்லாமல் வருகிற ஆளில்லை அவர்.

"இங்கன உங்க ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு வந்தேன் மாப்ள. பெருமாளப் பாத்துட்டு அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போவோமேன்னு."

நெற்றியில் நாமம் இல்லை. கையில் துளசி இல்லை. புரட்டாசிக் கூட்டத்தில் மலை ஏறி இறங்கியவர் சட்டையில் மடிப்பு கலையாமல் இருக்குமா? எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவரோ உட்காரவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். நிலைப்படியைக் குனிந்து பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், தரையை விரலால் தடவி முகர்ந்தார். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் தொட்டி முன்னால் வந்து நின்றார்.

"இது என்னது மாப்ள?"

"மீன் தொட்டி மாமா."

செத்த நேரம் குனிந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். "மீன எங்க?"

"இன்னும் விடல. தண்ணி பழகணும்."

என் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் மோரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். எம் பிள்ள மேல என்ன பீடையக் கண்டிய? வாராவாரம் விடியக்காலம் கடல்ல முங்கி, துணி கட்டி, ஒருத்தர் கை படாம தண்ணி கொண்டாறிய. வீட்டக் கழிக்கத்தான? அவ இருந்த வீட்ட எம்புட்டுத் தடவதான் கழுவுவிய? எம் பேத்தி பொறந்தது தோசமா? யாரு சொன்னா உங்களுக்கு?"

திருஷ்டியும் பீடையும் போகக் கடல் தண்ணீர் கொண்டுபோய் வீட்டில் தெளிக்கிற பழக்கம் எங்கள் பக்கம் எல்லோரிடமும் உண்டு. அம்மாவே செய்திருக்கிறாள். நான் அதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு, என்னை ஒருவர் சந்தேகப்படலாம் என்பது தோன்றவே இல்லை.

மீன் கடை, மண்டபம், மூன்றடி என்று உளறினேன். அவளுக்காகத்தான் மாமா என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். நூல் நன்றாயிருக்கிறது என்று மேலாளர் சொல்லும்போது நான் ஆட்டுகிற தலை அது. அம்மா இருங்க, சாப்பிடுங்க என்று எவ்வளவோ சொல்லியும் இருக்கவில்லை. "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாள் பாத்து, நாலு பேரோட போய்க் கூப்பிட்டாத்தாம்ல முறை."

"முறையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்திவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எந்தப் பஸ்ஸில் மாட்டிக்கொண்டாரோ, மாமனார் இன்னும் வந்து சேரவில்லை. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இன்னைக்கு சனிக்கிழமையாச்சே என்பது போலப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணி கழிக்கிறதுக்கு இல்ல" என்று தொடங்கினேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கம் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. கடைசியில், "நீ வா. வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. கோபம் அதைவிட நிறைய இருந்தது.

"இத ஒரு வாரமாவது கேட்டியளா? பிள்ளைக்கு அஞ்சாம் மாசம் பொறந்தன்னைக்கே நான் பொட்டி கட்டி வச்சிட்டேன். நீங்க வாரப்பல்லாம், இன்னைக்குக் கூப்பிடுவாக, இன்னைக்குக் கூப்பிடுவாகன்னு தலைவாரிப் பூ வச்சிட்டு நிப்பேன். நீங்க தண்ணிய மொண்டுட்டுப் போயிருவிய."